சித்திரத்திற்கு உரியவர் யார்?

2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பழைய காசோலை ஒன்று ஏலத்திற்கு வந்தது. அதில் எழுதப்பட்டிருந்த தொகை 412 டாலர். அதனை ஏலத்தில் எடுத்தவர் கொடுத்த விலையோ 1,60,000 டாலர்! வங்கியில் பணமாக மாற்றப்பட்டு என்றோ பயன் தீர்ந்துபோன ஒரு தாளுக்கு இத்துணை விலை ஏன்? அக்காசோலையில் குறிக்கப்பட்டிருந்த கணக்குகளுள் ஒன்று 130 டாலர். 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளிட்ட அந்த 130 டாலரைப் பெற்றுக்கொண்டு, கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர், தாம் படைத்த சித்திர வீரன் ஒருவனுடைய முழு உரிமையையும் ஒரு பதிப்பகத்திற்கு விட்டுக்கொடுத்தனர். அவ்வீரனின் பெயரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவன்தான் சூப்பர்மேன்.

கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இருவருக்கும் அப்பொழுது வயது 23. பள்ளியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் அவர்கள். தம் வீரனைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். கண்டவர் அனைவரும் கைவிரித்தார்கள். இறுதியில் ஒரு பதிப்பகம் பக்கத்திற்குப் பத்து டாலர் வீதம், பதின்மூன்று பக்கத்திற்கு விலை பேசிற்று. அச்சில் தம் படைப்பைக் கண்டால் போதும் என்னும் ஆர்வத்தில் இருவரும் கையெழுத்திட்டனர். பின்னர் அவ்வீரன் வானொலியிலும் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் பறந்து பறந்து கோடி கோடியாக ஈட்டினான். படைத்தவர்களோ முதுமையில் வறுமையை அறிந்தார்கள். ஷூஸ்டரின் கண்ணொளி மங்கிற்று. 1975-ஆம் ஆண்டில், மக்கள் மன்றத்தில் எழுந்த கண்டனத்திற்குப் பின்னரே, ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், தம் பெயர் நூலில் இடம்பெறும் பேறும் அவர்களுக்குக் கிட்டின. இடையில் கழிந்தவை 37 ஆண்டுகள்.

மாணவ அன்பர்களே, இது வெறும் இரங்கற்கதை அன்று. சித்திரக்கதை என்னும் கலையின் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கும் ஒரு கேள்வியின் முகம் இது. வரைந்தவர் ஒருவர், அதனை வாசகரிடம் கொண்டு சேர்ப்பவர் மற்றொருவர். அவ்வாறாயின் அச்சித்திரத்திற்கு உரியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண முயன்ற கலைஞர் பலர். இன்று இணையத்தில் தாமே வரைந்து, தாமே வெளியிட்டு, தாமே பரப்பும் இணையச் சித்திரக்கதை ஆசிரியர்கள் அவர்களுடைய வழித்தோன்றல்கள். அந்தப் பரம்பரையின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

பரம்பரையின் தொடக்கத்தைக் காண நாம் 18-ஆம் நூற்றாண்டு இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும். வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் 1697-இல் பிறந்தவர்; வெள்ளிப் பாத்திரங்களில் பூவேலை செதுக்கும் பட்டறையில் தொழில் பழகியவர். நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்து கயவர் கையில் அகப்பட்டு அழிந்த இளம்பெண் ஒருத்தியின் வாழ்வை அவர் ஆறு படங்களில் தொடர்கதையாகத் தீட்டினார். பிறகு அப்படங்களைத் தம் கையாலேயே செப்புத்தகட்டில் செதுக்கி, 1732-இல் அச்சிட்டு வெளியிட்டார்.

அக்காலத்தில் இலண்டன் படக்கடைக்காரர்களே அச்சுப் படங்களின் விலையை வகுத்தவர்கள். ஓவியர்க்கு அவர்கள் கொடுப்பதே கூலி. ஹோகார்த் அவர்களிடம் செல்லவில்லை. செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். விரும்புவோரிடமிருந்து முன்பணமும் கையொப்பமும் பெற்றார். ஆறு படங்களுக்கும் சேர்த்து விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பணம் கட்டியவர்க்கு அவர் கொடுத்த பற்றுச்சீட்டும் ஒரு சிறு சித்திரமே! 1,200-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நம் நாட்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது இவ்வாறே கையொப்பம் திரட்டினார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நூல் வெளிவருமுன்பே வாசகரின் நம்பிக்கையை முதலாக்கிக்கொள்ளும் முறை இது.

ஆயினும் ஹோகார்த்தின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவருடைய படங்களைப் பார்த்துச் செதுக்கிய போலிகள் மலிந்த விலையில் கடைகளில் தொங்கின. செதுக்கியவர்க்கு உரிமை வழங்கும் சட்டம் எதுவும் அப்பொழுது இல்லை. தம்மொத்த கலைஞர் சிலரோடு சேர்ந்து அவர் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் செய்தார். 1735-இல் சட்டம் பிறந்தது. செதுக்கியவருக்குத் தம் படத்தின்மீது 14 ஆண்டு உரிமை உண்டு என அது கூறிற்று. 'ஹோகார்த் சட்டம்' என்றே அது வழங்கலாயிற்று. ஊதாரி ஒருவனின் வரலாற்றைக் கூறும் எட்டுப் படங்களை அவர் முன்பே ஆயத்தம் செய்திருந்தார். எனினும் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே வெளியிட்டார். கலையில் வல்லவர் காலம் அறிவதிலும் வல்லவராயிருந்தார்.

ஹோகார்த் செய்த செயல்களைப் பிரித்துப் பார்ப்போமாயின் மூன்று தோன்றும். அவர் தம் வாசகரைத் தாமே நேரில் அறிந்தார். அவர்களிடமிருந்தே முதல் பெற்றார். தம் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனிக் கூறப்போகும் வரலாறு முழுவதும் இம்மூன்றின் ஏற்றமும் இறக்கமுமே ஆகும்.

20-ஆம் நூற்றாண்டில் இவை மூன்றும் கலைஞரின் கையை விட்டு நழுவின. பெரும் சுழல் அச்சுப்பொறிகள் இலட்சக்கணக்கான பிரதிகளை ஓரிரவில் அச்சிட்டன. அவற்றை வாங்குவதற்கும், நாடெங்கும் உள்ள கடைகளுக்கு அனுப்புவதற்கும் பெருமுதல் வேண்டியிருந்தது. தனி ஓவியரிடம் அம்முதல் ஏது? முதலாளியின் வாயிலில் நின்றால்தான் வாசகரைக் காணலாம் என்னும் நிலை வந்தது. அவ்வாயிலில் கொடுக்கவேண்டிய சுங்கம், படைப்பின் உரிமை. சீகலும் ஷூஸ்டரும் செலுத்தியது அச்சுங்கத்தையே.

அவ்வாயிலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் சென்றவர்களும் உண்டு. 1968-இல் ராபர்ட் கிரம்ப் என்னும் ஓவியர் தம் சித்திரக்கதை ஏட்டைச் சிறு அச்சகத்தில் அச்சிடச் செய்து, குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டியில் அடுக்கி, மனைவியுடன் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருவில் விற்றார். 1984-இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்டு என்னும் இரு நண்பர்கள், மாமன் ஒருவரிடம் கடன் வாங்கி, ஆமை வீரர் நால்வரைப் பற்றிய கறுப்பு வெள்ளை ஏடு ஒன்றைச் சுமார் 3,000 பிரதிகள் அச்சிட்டனர். கையிலிருந்த சிறு பொருளில் ஒரு பகுதியைச் சித்திரக்கதை வாசகர் படிக்கும் செய்தித்தாளில் விளம்பரத்திற்குச் செலவிட்டனர். உரிமையை எவருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. 2009-இல் அவ்வாமைகளின் உரிமை விற்கப்பட்டபோது அதன் விலை சுமார் 6 கோடி டாலர். 130 டாலரையும் இத்தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரு திறத்தாரும் இளைஞர். இரு திறத்தாரும் ஆர்வலர். முன்னவர் உரிமையை எழுதிக்கொடுத்தனர், பின்னவர் வைத்துக்கொண்டனர்.

இந்நிலையில்தான் இணையம் தோன்றிற்று. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம், உலகளாவிய வலை என்னும் தன் கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில் டேவிட் பார்லி என்பவர் 'டாக்டர் ஃபன்' என்னும் ஒற்றைக்கட்டச் சித்திரத்தை வலையில் வெளியிடத் தொடங்கினார். வலையில் ஒழுங்காக வெளிவந்த சித்திரங்களுள் மிகப் பழையனவற்றில் இஃது ஒன்று. 1997-இல் பீட் ஏப்ரம்ஸ் என்பவரின் நாள்தொடரும், 1998-இல் ஜெர்ரி ஹோல்கின்ஸ், மைக் கிராஹுலிக் என்னும் இருவரின் விளையாட்டு நகைச்சுவைத் தொடரும் வந்தன. சில ஆண்டுகளில் இத்தகைய தொடர்கள் பெருகின.

தாள் வேண்டா, அச்சு வேண்டா, வண்டி வேண்டா, கடையும் வேண்டா. இலண்டனில் வரைந்த படத்தைக் கோலாலம்பூரில் இருப்பவர் அந்நொடியே காணலாம். முதலாளியின் வாயில் தானே திறந்துகொண்டது எனக் கலைஞர் களித்தனர். ஆனால் வாயில் எல்லார்க்கும் திறந்தபொழுது எல்லாரும் உள்ளே புகுந்தனர். அப்பெருங்கூட்டத்தில் ஒருவர் தம்மை வாசகர் கண்டுகொள்ளுமாறு செய்வது எங்ஙனம்? கண்டுகொண்ட வாசகர் இலவசமாகவே படித்துவிட்டுச் செல்வாராயின் உலையில் அரிசி விழுவது எங்ஙனம்? இணையச் சித்திரக்கதையின் வரலாறு இவ்விரு கேள்விகளுக்கும் கண்ட விடைகளின் வரலாறே ஆகும்.

முதற் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, பறையறைதல் அன்று, காலந்தவறாமை. அமெரிக்காவில் ஹோவர்ட் டெய்லர் என்பவர் 2000-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஒரு விண்வெளி நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். அப்பொழுது அவர் ஓர் அலுவலகத்தில் பணியாற்றி வந்தார். 2004-இல் அப்பணியைத் துறந்து சித்திரத்தையே தொழிலாகக் கொண்டார். 2020 ஜூலை 24-இல் கதையை முடிக்கும்வரை, இருபது ஆண்டுகளில் ஒருநாள்கூடத் தொடர் நின்றதில்லை. நோய் வரலாம், ஊர்ப்பயணம் வரலாம். ஆகவே, அறுவடைக் காலத்தில் பத்தாயத்தை நிரப்பிக்கொள்ளும் உழவரைப்போலப் பல நாட்களுக்குரிய சித்திரங்களை முன்கூட்டியே வரைந்து சேமித்து வைத்தார். நூல் வெளியீட்டுப் பணிகளை அவருடைய மனைவியார் உடனிருந்து கவனித்தார்.

காலந்தவறாமைக்கு இத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? நாளும் ஒரே வேளையில் வரும் தபால்காரரை நாம் வாயிலில் நின்று எதிர்பார்க்கிறோம். எதிர்பார்ப்புப் பழக்கமாகிறது, பழக்கம் உறவாகிறது. அவ்வாறு உறவு கொண்ட வாசகர், தாமே தம் நண்பரிடம் கூறுகிறார். புதிதாக வருபவரோ முதல் நாள் சித்திரத்திலிருந்து முழுக்கதையையும் படிக்கலாம். ஏனெனில் பழைய பக்கங்கள் யாவும் தளத்திலேயே உள்ளன. நேற்றைய செய்தித்தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். நேற்றைய இணையப் பக்கமோ நாளைய வாசகரை அழைக்கும் விளம்பரமாக நிற்கிறது.

அவர்கள் கையாண்ட மற்றொரு வழி, ஒருவர்க்கொருவர் துணைநின்றமை. ஒருவர் தம் தளத்தில் பிறர் தளத்திற்குச் சுட்டி அமைத்தார். தாம் ஓய்வுகொள்ளும் நாளில் நண்பரை வரையச் செய்தார். சித்திரக்கதைத் திருவிழாக்களில் மேசைகளைப் பகிர்ந்துகொண்டு நூல் விற்றனர். ஒரு கடைக்குச் சென்றவர் அடுத்த கடைக்குச் செல்லமாட்டார் என்னும் அச்சம் அவர்களுக்கு இல்லை. சித்திரம் படிக்கும் சுவையை ஒருவரிடம் பெற்றவர் பத்துப்பேரிடம் செல்வார் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

இரண்டாம் கேள்விக்கு விடை அத்துணை எளிதில் கிட்டவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அதுவே தொடக்ககால நிலை. ஸ்காட் மக்ளவுட் என்னும் அறிஞர், சித்திரக்கதையின் இலக்கணத்தைச் சித்திரக்கதையாகவே எழுதிப் புகழ்பெற்றவர். 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் இரண்டு கருத்துகளைக் கூறினார். கணிப்பொறித் திரைக்குப் பக்க எல்லை இல்லையாதலின் சித்திரம் எத்திசையிலும் எல்லையின்றி விரியலாம் என்பது ஒன்று. வாசகர் சில காசுகளை நேரே கலைஞருக்குக் கொடுத்துப் படிக்கும் காலம் வரும் என்பது மற்றொன்று. 2003-இல் தம் கதை ஒன்றை 25 சென்டுக்கு அவரே விற்றுக் காட்டினார்.

காசு சிறிதுதான். ஆயினும் அதனைக் கொடுப்பதற்கு வாசகர் முதலில் கணக்குத் தொடங்கவேண்டும். பணம் செலுத்தி வைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் 'கொடுக்கலாமா, வேண்டாவா' என எண்ணவேண்டும். பக்கத்துத் தளத்தில் கதை இலவசமாகக் கிடைக்கும்பொழுது இத்தொல்லையை மேற்கொள்வார் சிலரே. அச்சிறுகாசு வாணிகத்தை நடத்திய நிறுவனம் 2007-இல் மூடப்பட்டது. வாயிலில் சுங்கம் வாங்கும் முறை இணையத்தில் பெரும்பாலும் பலிக்கவில்லை.

பலித்த முறை யாது? வாயிலை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்து மகிழ்ந்தவரிடம் பெறும் முறை. பில் போக்லியோ, காயா போக்லியோ என்னும் கணவனும் மனைவியும் 2001 முதல் தம் வீரசாகசக் கதையை ஏடுகளாக அச்சிட்டு வந்தனர். 2005 ஏப்ரலில் அவ்வேடுகளை நிறுத்திவிட்டு, வாரம் மூன்று பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடத் தொடங்கினர். அறிந்தவர் பலர் இது பொருளிழக்கும் வழி என்று எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. வாசகர் பெருகினர், தொகுப்பு நூல்களின் விற்பனையும் உயர்ந்தது. 2009-இல் அறிவியல் புனைகதைக்குரிய ஹ்யூகோ பரிசு முதன்முறையாகச் சித்திரக்கதைக்கெனத் தனிப்பிரிவில் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றது இக்கதையே. தொடர்ந்து மூன்று ஆண்டு பரிசு பெற்றபின், பிறர்க்கும் இடம் வேண்டும் என்று அவர்கள் தாமே அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டனர்.

2012-இல் நிகழ்ந்த செயல் இன்னும் வியப்பிற்குரியது. ரிச் பர்லூ என்பவர் குச்சி மனிதர்களை வைத்து 2003 முதல் இணையத்தில் கதை நடத்தி வந்தவர். அச்சில் தீர்ந்துபோன நூலை மீண்டும் பதிப்பிக்க அவருக்கு 57,750 டாலர் தேவைப்பட்டது. பலரிடம் முன்பணம் திரட்டித் தரும் இணைய நிறுவனத்தின் வழியாக வாசகரிடம் கேட்டார். ஏறத்தாழ ஒரு திங்களில் 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் அளித்தனர். படிப்பதற்குக் கதை அன்றும் இலவசமே. ஆகவே எவரும் கட்டாயத்தால் கொடுக்கவில்லை. ஒன்பது ஆண்டு உறவே அத்தொகையாகத் திரண்டது. 1732-இல் ஹோகார்த் பெற்ற கையொப்பங்கள் 280 ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு வடிவில் மீண்டும் வந்தன எனலாம்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அவ்வாண்டிலேயே பர்லூவின் கையில் காயம் பட்டது, வரைதல் தடைப்பட்டது, வாக்களித்த பொருள்களை அனுப்புவதில் நெடுங்காலத் தாழ்வு நேர்ந்தது. தாமே ஓவியர், தாமே பதிப்பாளர், தாமே கணக்கர் என வாழ்பவரின் தொழில் முழுவதும் ஒரு கையைப் பற்றி நிற்கிறது. பதிப்பகத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுபவர், பதிப்பகம் சுமந்த சுமையையும் தாமே ஏற்கிறார். விடுதலைக்குரிய விலை அது. 2013-இல் தோன்றிய பேட்ரியான் என்னும் நிறுவனம், வாசகர் திங்கள்தோறும் ஒரு சிறுதொகை அளித்துக் கலைஞரைப் புரக்கும் முறையைக் கொணர்ந்து, அச்சுமையைச் சிறிது குறைத்தது. பெரிய முயற்சிக்கு ஒருமுறை கொடுத்தல் போய், அன்றாட வாழ்விற்குத் தொடர்ந்து கொடுத்தல் வந்தது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று கூற இயலுமா? இயலாது. திறந்த வெளியில் கூட்டம் பெருகியபொழுது, அங்கே புதிய மண்டபங்கள் எழுந்தன. கொரிய நாட்டு நேவர் நிறுவனம் 2004-இல் தொடங்கிய வெப்டூன் அத்தகையது. கைப்பேசித் திரையில் மேலிருந்து கீழாக நழுவிச் செல்லும் சித்திரக்கதைகளை அது உலகெங்கும் பரப்பிற்று. 2014-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2024-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையிலும் இடம்பெற்றது. சமூக வலைத்தளங்களும் இத்தகைய மண்டபங்களே. அங்கே ஏற்கெனவே மக்கள் கூடியிருக்கிறார்கள். புதிய ஓவியர் ஒரே நாளில் ஆயிரவர் கண்ணில் படலாம். ஆனால் எவருக்கு எதனைக் காட்டுவது என்பதை மண்டபத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. அதன் விதி இன்றொன்று, நாளை மற்றொன்று. நேற்றுவரை வந்த வாசகர் இன்று ஏன் வரவில்லை என்று ஓவியருக்கு விளங்குவதில்லை. அவர்களை நேரில் அழைக்க முகவரியும் அவரிடம் இல்லை.

ஆகவே பட்டறிந்த கலைஞர் மண்டபத்தில் பாடினாலும் தம் வீட்டு வாயிலையும் திறந்தே வைத்திருக்கின்றனர். தமக்கெனத் தனித் தளம். அதில் தம் பழைய பக்கங்கள் அனைத்தும். விரும்பும் வாசகருக்கு நேரே மடல் எழுத அவர்களே தந்த முகவரிகள். ஹோகார்த் தம் வீட்டில் வைத்திருந்த கையொப்பப் பட்டியல்தான் இது. பெயர் மாறியது, பொருள் மாறவில்லை.

மாணவர்களே, உங்களுள் சிலர் சுவடியின் ஓரத்தில் படம் வரைபவராயிருப்பீர்கள். நாளை உங்கள் சித்திரத்தை நாடும் உலகமும் விரும்பலாம். அப்பொழுது ஒருவர் பணத்தையும் தாளையும் ஒருங்கே நீட்டுவார். அவர் தீயவராயிருக்கவேண்டும் என்பதில்லை. அவர் தரும் வாய்ப்பும் மெய்யாகவே நல்லதாயிருக்கலாம். தாளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அதில் விற்கப்படுவது ஒரு பதிப்பா, ஒரு திங்கள் உழைப்பா, அன்றி நீங்கள் பெற்ற பிள்ளையையே தத்துக்கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் அவ்வாறு கேட்கச் சொல்லித்தர எவரும் அருகில் இல்லை.

வரையாத ஏனையோருக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1732-இல் கையொப்பமிட்ட ஆயிரத்து இருநூற்றுவரின் பெயரை இன்று நினைப்பார் இல்லை. ஆயினும் அவர்கள் ஆளுக்கொரு கினி எடுத்துக் கொடுத்திராவிடில், ஹோகார்த் படக்கடைக்காரரின் கூலியாளராகவே இருந்திருப்பார். உரிமையைக் காப்பது சட்டம் மட்டுமன்று. தாம் சுவைத்த சித்திரத்தை வரைந்தவர் யார் என்று தேடி அறிந்து, அவர் பெயரைச் சொல்லிப் பிறர்க்குக் காட்டி, இயன்றபொழுது அவருடைய நூலை விலைகொடுத்து வாங்கும் வாசகரும் அவ்வுரிமைக்குக் காவலரே ஆவர்.